பெயர் தெரியாச் செருகிகள்

இங்கிலாந்திலே 1930-களிற் கட்டப்பட்ட வீடொன்றை வாங்குகிறவர், சமையலறைச் சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே, தீப்பெட்டியினும் சற்றே பெரிதான கபில நிறப் பெட்டியொன்று பதிந்திருக்கக் காண்பதுண்டு. அதற்கு ஆளி இல்லை. முகத்திலே ஒரு திருகாணி மட்டும் உண்டு. அதைத் தளர்த்தினால் மூடி கையோடு வரும். மூடியின் உட்புறத்தில் மூன்று மெல்லிய பித்தளைக் கால்கள். அவற்றின் பக்கத்தில் மிகச் சிறியதோர் உருகி. விளக்குக்கு உரியதாயின் ஆளி எங்கே? வானொலிக்கு உரியதாயின் கை எட்டாத உயரத்தில் அதை வைப்பானேன்? மின்சாரத் தொழிலிற் பழகியவர்களையும் ஒரு கணம் திகைக்க வைக்கும் பொருள் இது.

விடை எளியது. அது சுவர்க் கடிகாரத்துக்கு மின்சாரம் கொடுத்த குதை. வினாடிக்கு ஐம்பது முழு அலைவுகளைக் கொண்ட ஆடலோட்டத்தின் கதியோடு தன் கதியைப் பொருத்திக்கொண்டு ஓடும் சிறு மோட்டார் அக்கடிகாரத்துள் இருந்தது. மின்சாரம் ஒரு நிமிடம் நின்றால் கடிகாரமும் ஒரு நிமிடம் பிந்திவிடும். ஆகவே அதற்கு ஆளி கூடாது. வேறு கருவியைச் செருகும் பொருட்டு எவரும் அதைப் பிடுங்கிவிடவும் கூடாது. அதற்காகவே திருகாணி. மோட்டார் உண்ணும் மின்னோ மிகவும் அற்பம். ஆதலால் 2 அம்பியரோ அதற்கும் குறைந்ததோ ஆகிய உருகி போதுமாயிருந்தது. இவ்வாறு உயரம், திருகாணி, உருகி ஆகிய மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. பெயர் தெரியாத எந்தச் செருகியையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் விசாரணைக்கு முன், இத்தனை வகைகள் ஏன் தோன்றின என்பதை அறிந்துகொள்வது நன்று.

மின்சாரம் முதன்முதல் வீட்டுக்குள் வந்தது விளக்காகவே. சுவரிலே குதை என்பதொன்று இல்லாத காலத்தில், மின்சாரத்தைப் பெறத்தக்க ஒரே வாயில் கூரையிலிருந்து தொங்கிய குமிழ் தாங்கிதான். மின்னழுத்தியோ விசிறியோ வாங்கியவர், குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே கருவியின் கம்பியைப் பூட்டினார். அமெரிக்காவிலே குமிழ்கள் புரியிட்டுத் திருகப்படுவன. ஆகையால் கருவியின் கம்பி முழுவதும் முறுக்குண்டு போகும் தொல்லை அங்கே இருந்தது. கனெற்றிக்கற்றைச் சேர்ந்த ஹார்வி ஹப்பல் என்பார், தாங்கியில் நிலையாக நிற்கும் ஒரு பகுதியும், அதிலிருந்து இழுத்தெடுக்கக்கூடிய கால்களையுடைய இன்னொரு பகுதியுமாகச் செருகியை இரண்டாக்கி, 1904-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் குமிழ்கள் இரு பக்கத்து முனைகளால் மாட்டப்படுவன. எனவே அங்கு வழங்கிய செருகி, கண்ணாடி போய் அடிப்பாகம் மட்டும் எஞ்சிய குமிழைப் போலிருக்கும். பழம்பொருட் கடைகளில் இதைக் கண்டு, உடைந்த குமிழென்று எறிந்துவிடுபவர் பலர். அடியிலே இரு தொடுகைகள், பக்கங்களிலே இரு சிறு முளைகள், பின்னாலே கம்பி நுழையும் துளை ஆகிய இவை இருந்தால் அது உடைந்த குமிழன்று. ஒரு காலத்தில் மின்னழுத்திக்கு உணவூட்டிய செருகி. அதிலே புவித்தொடுப்பு இல்லை என்பதை மட்டும் மறக்கலாகாது. நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று, உலோக உடலுடைய மின்னழுத்தியைப் பிடித்திருந்தவரின் உயிர், கம்பியைச் சுற்றிய இறப்பரும் நூலும் பழுதடையாதிருப்பதையே நம்பியிருந்தது.

விலையும் வடிவங்களைப் பெருக்கியது. இத்தாலியில் விளக்குக்குரிய மின்சாரம் ஒரு விலை, ஏனைய பணிகளுக்குரியது வேறொரு விலை. வரியும் வேறு, மானியும் வேறு, கம்பியும் வேறு. 1960-களிலிருந்து இவ்விரண்டும் படிப்படியாக ஒன்றாயின. ஆயினும் 10 அம்பியருக்கு ஓர் அளவும் 16 அம்பியருக்கு இன்னோர் அளவுமாக, மூன்று கால்களும் ஒரே வரிசையில் நிற்கும் அந்நாட்டுச் செருகிகள் இன்றும் இரட்டையாகவே வழங்குகின்றன.

பிரித்தானியாவில் ஐந்து அம்பியர் இருகாற் செருகிக்கு 1915-ஆம் ஆண்டிலேயே நியமம் வகுத்தார்கள். மூன்று உருண்டைக் கால்களையுடைய செருகிகளுக்கான நியமம் 1934-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 2, 5, 15, 30 அம்பியர் என நான்கு பருமன்கள் உண்டு. இலங்கையர்க்கும் இந்தியர்க்கும் இது அந்நியமானதன்று. சின்னப் பிளக், பெரிய பிளக் என்று நம் வீடுகளில் வழங்கியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஐந்து அம்பியர்ச் செருகியில் மின் கொண்டுசெல்லும் இரு கால்களின் மையங்களுக்கிடையே 19 மில்லிமீற்றர்; பதினைந்து அம்பியர்ச் செருகியில் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர். சிறியதன் புவிக்காலும் பெரியதன் மின்காலும் ஒரே பருமன், 7 மில்லிமீற்றரினும் மயிரிழை கூட. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன செருகியையும் அளவுகோல் ஒன்று கொண்டு அடையாளங் காணலாம் என்பதற்காகவே இவ்வெண்களைக் கூற நேர்ந்தது. புவிக்கால் ஏனைய இரண்டிலும் தடித்து நீண்டிருப்பதும் அழகுக்காகவன்று. செருகும்போது அது முதலிற் தொடவேண்டும். கழற்றும்போது கடைசியாக விடவேண்டும்.

நான்கு பருமன்களுக்கும் நான்கு குதைகளை வைத்திருந்த வீடுகளின் சிரமம் சொல்லித் தீராது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் எழுப்பவேண்டிய இலட்சக்கணக்கான வீடுகளின் மின்னமைப்பை ஆராய 1942-ஆம் ஆண்டில் ஒரு குழு கூடியது. இருபது உறுப்பினருள் ஒரேயொரு பெண், பொறியியலாளரான கரோலைன் ஹாஸ்லற் அம்மையார். வீட்டுப் பெண்களின் கண்கொண்டும் தவழும் குழந்தைகளின் விரல்களை எண்ணியும் அவர் வாதிட்டார். குழுவின் அறிக்கை 1944-இலும், புதிய செருகியின் நியமம் 1947-இலும் வெளிவந்தன. தட்டையான மூன்று கால்கள், செருகிக்குள்ளேயே உருகி, 13 அம்பியர், புவிக்கால் நுழைந்தாலன்றித் திறவாத கதவு ஆகியவை அதன் இலக்கணம். 230 உவோற்றில் 13 அம்பியர் ஏறக்குறைய 3 கிலோவாற்று. அறையைச் சூடாக்கும் பெரிய அடுப்பொன்றுக்கு அது போதும். கால்களைத் தட்டையாக்கியதும் வேண்டுமென்றே செய்ததுதான். உருகியில்லாத பழைய உருண்டைக்காற் செருகி, புதிய வளையச் சுற்றின் குதையில் நுழையலாகாது.

இந்த வெற்றிக்கு முன் போட்டியிட்டுத் தோற்ற செருகிகளே இன்று ஆய்வாளர்களை அதிகம் மயக்குகின்றன. வைலெக்ஸ் செருகியில் உருண்டைப் புவிக்கால் நடுவிலும், தட்டைக் கால்கள் அதன் இருபக்கத்திலும் இருக்கும். சிலவற்றின் முதுகிலே இன்னொரு செருகியை ஏற்றிக்கொள்ளக் குழிகளும் இருந்தன. டோர்மன் அன்ட் ஸ்மித் செருகியின் கதை இன்னும் விநோதமானது. அதிலே உருகியைத் தனியாக வைக்காமல், உயிர்க்கம்பியின் காலையே உருகியாகச் செய்து, செருகியின் உடலிற் புரியிட்டுத் திருகிவிட்டார்கள். இடம் மிச்சம், யோசனையும் கூர்மையானது. ஆனால் பலமுறை செருகிக் கழற்றும்போது அந்தப் புரி மெல்ல மெல்ல இளகும். ஒருநாள் செருகியை இழுத்தால் உடல் மட்டும் கையோடு வரும். உருகிக் கால் குதையிலேயே நின்றுவிடும், மின்சாரத்தோடு! போருக்குப் பின் விரைவாகப் பூட்டி நிறுத்திய வீடுகளிலும், நகரசபை வீடுகளிலும், பாடசாலைகளிலும் இவ்வகை மிகுதியாகப் பயன்பட்டது. ஒரு கால் இல்லாத பழைய செருகி எவர் கையிலாவது அகப்பட்டால், அதன் உடலில் உட்புரி இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

சில செருகிகள் வேறுபட்டிருப்பதற்குக் காரணம் போட்டியன்று, கட்டுப்பாடு. 13 அம்பியர்ச் செருகியின் கால்களையே தொண்ணூறு பாகை திருப்பிவைத்த ஒரு வகையை இலண்டன் சுரங்க இரயில்வேயிலும் ஒலிபரப்பு நிலையத்திலும் காணலாம். துப்புரவு செய்பவர் தம் தூசுறிஞ்சியைக் கொண்டுவந்து, தடைபடக்கூடாத மின்வழியில் மாட்டிவிடாதிருக்க இதைவிட எளிய உபாயம் இல்லை. பழைய 15 அம்பியர் உருண்டைக் கால் பிரித்தானிய நாடக அரங்குகளின் விளக்குகளில் இன்றும் வாழ்கிறது. அங்கே உருகி செருகிக்குள் இருந்தால், அது எரிந்த வேளையில், காட்சி நடுவே ஏணி வைத்து உச்சிக்கு ஏறவேண்டுமன்றோ?

பீங்கான் உடலுடைய இணைப்பிகளைக் கண்டால் வெப்பத்தை நினைக்க வேண்டும். பழைய மின்னழுத்தியின் பின்புறத்தில் இரு உருண்டைக் கால்களைச் சூழ்ந்து ஓர் உலோகக் கூடு இருக்கும். கம்பியின் முனையிலுள்ள பீங்கான் இணைப்பி அதனுட் புகும்போது, பக்கத்திலுள்ள வில்தகடு கூட்டைத் தொட்டுப் புவித்தொடுப்புத் தரும். இக்காலத்துக் கேத்தில் வடத்திலும் அதே கவலையின் சுவடு உண்டு. கணினியின் வடத்தைப் போலவே தோன்றும் அதில், புவித்துளைக்கு எதிரே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். கேத்தில் வடம் கணினியிற் பொருந்தும். வெப்பம் தாங்காத கணினி வடமோ கேத்திலிற் பொருந்தாது.

வானொலி நேயர்களுக்கு நெருங்கிய விடயம் பழைய பற்றறி வானொலிகளின் செருகிகள். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காகச் செய்யப்பட்ட அந்த வால்வு வானொலிகளுக்கு இருவகை மின் வேண்டியிருந்தது: வால்வின் இழையைச் சூடாக்க ஏறக்குறைய 1.5 உவோற்று, அதன் தகட்டுக்கு 90 உவோற்று. இரண்டும் மாறிப்போனால் எல்லா இழைகளும் ஒரே நொடியிற் கருகிவிடும். எனவே செருகிகளின் கால்களைப் பருமனிலும் இடைவெளியிலும் வேறுபடுத்தினார்கள். பாட்டனாரின் பரணில் அப்பெட்டியைக் கண்டெடுக்கும் பேரன், அதன் இருகாற் செருகியைச் சுவர்க் குதைக்குரியதென எண்ணி, ஏதோவொரு மாற்றியின் துணையோடு 230 உவோற்றில் மாட்டிவிட்டால், ஐம்பது அறுபது ஆண்டுகள் பிழைத்திருந்த வால்வுகள் அன்றோடு முடிந்தன.

வேறு சில வானொலிகள் நேரோட்டத்திலும் ஆடலோட்டத்திலும் ஓடுமாறு, நிலைமாற்றி இன்றிச் செய்யப்பட்டவை. அவற்றின் உள்ளேயுள்ள உலோகச் சட்டம் மின்கம்பியொன்றோடு நேரே பிணைந்திருக்கும். இருகாற் செருகியை எப்புறமாகவும் மாட்டலாம். ஒருபுறம் மாட்டினால் சட்டம் நொதுமற் கம்பியோடு, மறுபுறம் மாட்டினால் உயிர்க்கம்பியோடு. குமிழைச் சுழற்றும் பிடி உடைந்து, உள்ளிருக்கும் உலோகத் தண்டு வெளியே தெரியும் பெட்டியில், இது உயிர் பறிக்கும் வேறுபாடு. பழைய வானொலி சேகரிப்போர் முதலிற் பார்க்க வேண்டியது ஒலிபெருக்கியையன்று, இதைத்தான்.

இனி, அடையாளங் காணும் முறை. முதலாவது, மின்சாரம் வருகிற பக்கத்திலே துளையும் மின்சாரம் பெறுகிற பக்கத்திலே காலும் இருப்பதே விதி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளையில் மின் நிற்கலாகாது. இரு முனைகளிலும் கால்களையுடைய வடம் அகப்பட்டால், அது யாரோ வீட்டிற் செய்த விபரீதம். அதன் பயனை ஆராய்வதை விட்டு வெட்டி எறிவதே தக்கது. இரண்டாவது, கம்பியின் தடிப்பு. மெல்லிய கம்பியோடு வந்த பெரிய செருகி பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருக்கலாம். மூன்றாவது, நிறம். இதில் ஏமாறுவது எளிது. பழைய பிரித்தானிய வடங்களிற் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. பழைய ஜெர்மானிய வடங்களிலோ சிவப்பே புவிக்கம்பி! ஜெர்மானியக் கருவியைப் பிரித்தானிய வழக்கப்படி பிணைத்தவர் அதன் உலோக உடலுக்கு முழு மின்னழுத்தத்தையும் கொடுத்துவிடுவார். ஆகவே நிறத்தை நம்பாமல், மின்சாரம் எதனோடும் தொடாத நிலையில், எந்தக் கால் கருவியின் எந்தப் பாகத்துக்குப் போகிறதென்று மானி கொண்டு பார்ப்பதே முறை. சுவரில் மாட்டிப் பார்த்து அறிவது சோதனையாகாது.

இலங்கையிலே 13 அம்பியர்த் தட்டைக்காற் செருகியையே நாட்டின் நியமமாக்கும் முடிவைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016-ஆம் ஆண்டில் எடுத்தது. எனினும் பழைய வீடுகளின் உருண்டைத் துளைக் குதைகள் ஓர் ஆணையால் மறைந்துவிடுவனவல்ல. ஐரோப்பிய இருகாற் செருகியின் கால்கள் 4 மில்லிமீற்றர். ஐந்து அம்பியர்க் குதையின் துளைகள் 5 மில்லிமீற்றர்க் காலுக்கானவை. இடைவெளி ஏறக்குறைய ஒன்றாகையால் செருகி உள்ளே போய்விடும்; பிடிப்பு மட்டும் இராது. தளர்ந்த அந்தத் தொடுகையிலே தீப்பொறி தெறித்து, குதையின் முகம் கருகத் தொடங்கும். கதவுள்ள குதையாயின் புவித்துளையிற் பேனாவை நுழைத்துக் கதவைத் திறப்பதும் பல வீடுகளிற் காணும் காட்சி. குழந்தைக்காக வைத்த கதவை, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கவே திறந்து காட்டுகிறோம்.

அத்தகைய பழைய குதையை மாற்றும்போது, முகத்தை மட்டும் புதிதாக்கி விட்டுவிடுவோர் உண்டு. பின்னாலிருக்கும் கம்பிகள் இரண்டா மூன்றா, மூன்றாவது கம்பி உண்மையாகவே நிலத்தைச் சேர்கிறதா என்பதைப் புதிய முகம் சொல்லாது. தலைமை ஆளியை அடைத்துவிட்டு, பயிற்சி பெற்ற மின்தொழிலாளர் ஒருவர் குதையைக் கழற்றி, மானியை வைத்துப் பார்த்தாலே அது தெரியவரும்.