ஆமை முனிவரின் பாடசாலை



ஜப்பான் தேசத்தில் 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கி, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் வரையில், ஃபூஜி தொலைக்காட்சியில் வாரந்தோறும் 153 பகுதிகளாக ஒளிபரப்பான 'டிராகன் பால்' என்னும் சித்திரத் தொடரை, சிறுவயதில் சண்டைக் காட்சிகளின் பொருட்டே பார்த்துக் களித்த நான், அண்மையில் அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக மீண்டும் பார்த்தேன். அப்போது மனத்தில் எழுந்த சில எண்ணங்களைச் சொல்லவே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

அகிரா தொரியாமா என்னும் சித்திரக்காரர் 1984 முதல் 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் வரைந்து வந்த கதையே இத்தொடருக்கு மூலம். அந்தக் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. தர்ம நூல்களைத் தேடிப் பாரத தேசத்துக்கு வந்து, நம்முடைய காஞ்சி மாநகரையும் கண்டு சென்ற யுவான் சுவாங் என்னும் பிக்ஷுவின் யாத்திரையை ஆதாரமாகக்கொண்டு, சீனத்தில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த பெருங்கதையிலே, அந்தப் பிக்ஷுவுக்குத் துணையாக வரும் வானர வீரன்தான், மேகத்தின்மேல் ஏறிச் செல்லும் ஆற்றலையும் நினைத்த அளவுக்கு நீளும் கோலையும் தன்னுடன் எடுத்துக்கொண்டு, கோகூ என்ற வால் முளைத்த சிறுவனாக இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறான்.

வளர்த்த தாத்தா இறந்துபோனபின் மலைக்காட்டில் தனித்து வாழும் அந்தச் சிறுவன், அவர் விட்டுச்சென்ற, நான்கு நட்சத்திரங்கள் பொறித்த உருண்டையைத் தாத்தாவாகவே பாவித்து வணங்கி வருகிறான். அத்தகைய உருண்டைகள் ஏழையும் ஒன்றுசேர்த்தால் ஒரு மகா நாகம் தோன்றி வரம் ஒன்று அளிக்கும் என்று தேடி வருகிறாள் புல்மா என்ற பெண். அவளுடன் அவன் புறப்படுவதில் கதை ஆரம்பமாகிறது. வரத்தைத் தேடி ஆரம்பித்த கதை வித்தையைத் தேடும் கதையாக மாறிவிடுவதைத்தான், சிறுவயதில் என் கண்ணில் படாத அதன் பெருமையாக இப்போது உணர்கிறேன்.

ஆமை முனிவர் என்று பெயர் பெற்ற ரோஷி, ஒரு சிறு தீவில் வாழும் கிழவர். அவரிடம் கோகூவும் கிரிலின் என்ற மற்றொரு சிறுவனும் சிஷ்யர்களாகச் சேருகிறார்கள். அடிக்கவும் உதைக்கவும் இன்றே கற்றுத்தருவார் என்று ஆவலோடு காத்திருக்கும் அவ்விருவரையும் அவர் விடியுமுன் எழுப்பி, வீடு வீடாகப் பால் கொடுத்துவரச் சொல்லுகிறார். வெறுங்கையால் வயலைக் கிளறச் சொல்லுகிறார். முற்பகலில் பாடம் படிக்க வைக்கிறார். பிறகு 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டை முதுகில் கட்டிவிட்டு, இதே வேலைகளையெல்லாம் அதைச் சுமந்தபடியே நாள்தோறும் செய்ய வேண்டும் என்கிறார். எட்டு மாதங்களுக்குப் பின் அந்த ஓட்டைக் கழற்றிவிட்டுத் துள்ளிப் பார்க்கும் பிள்ளைகள் வானத்தை எட்டுவதுபோல் எழும்பித் தாங்களே திகைத்துப்போகிறார்கள். குருவானவர் வித்தை என்று தனியாக எதையும் கொடுக்கவில்லை. உழைப்பையும் ஒழுங்கையும் கொடுத்தார், பலம் தானாக வந்து சேர்ந்தது.

இதற்குப் பிறகு நடைபெறும் உலகச் சண்டைப் போட்டியிலேதான் கதாசிரியரின் மேதைமை முழுவதும் வெளிப்படுகிறது. முதல் போட்டியிலேயே சிஷ்யர்கள் வென்றுவிட்டால், இனிக் கற்க ஏதுமில்லை என்று கர்வங்கொண்டு விடுவார்களே என அஞ்சிய ரோஷி, ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேஷம் பூண்டு தாமே களத்தில் இறங்குகிறார். இறுதியில் குருவும் சிஷ்யனும் ஒருவரையொருவர் ஒரே கணத்தில் உதைத்து வீழ்கிறார்கள். சிறுவனின் கால் சற்றே குட்டையாக இருந்த காரணத்தால், முதியவர் மயிரிழையில் வெல்லுகிறார். அடுத்த போட்டியில் அதே ரோஷி, தம் பகைவருடைய பாசறையில் வளர்ந்த தென்ஷின்ஹான் என்ற இளைஞனோடு பொருதும்போது, களம் இனி இளைய தலைமுறைக்கு உரியது என்று கண்டு, தாமாகவே மேடையைவிட்டு இறங்கிப் போகிறார். சிஷ்யனைத் தடுக்க வேண்டிய வேளையில் தடுத்து, வழிவிட வேண்டிய வேளையில் வழிவிடத் தெரிந்தவரே குரு என்பதை இதைக்காட்டிலும் தெளிவாகச் சொல்ல இயலுமோ! அவ்விளைஞனோ, எதிரியைக் கொல்லவே கற்பித்த தன் ஆசானின் கட்டளையை அந்த மேடையிலேயே மறுத்து நல்வழி திரும்புகிறான்.

நேயர்கள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொடரில் வரும் மூன்று உலகப் போட்டிகளிலும் இறுதிச் சுற்றுவரை செல்லும் கோகூ, முதல் இரண்டிலும் தோற்றே போகிறான், மூன்றாவதில்தான் வெல்லுகிறான். தோல்வியை அவமானமாக எண்ணாமல், தன்னிலும் வல்லவன் ஒருவன் இருக்கிறானே என்று மகிழ்ச்சி கொள்ளும் அந்தப் பிள்ளை மனத்தை அடைவதற்கு, வாழ்க்கையில் சில தோல்விகளைக் கண்ட நாம் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

விண்ணளாவிய கோபுரத்தின் உச்சியில் பூனை வடிவில் வாழும் கரின் என்ற முனிவரின் கதையும், உழைப்பே பலத்தைத் தரும் என்று முன்பு சொன்ன கருத்தையே வற்புறுத்துகிறது. அவர் கையிலுள்ள புனித நீரைப் பருகினால் பலம் பெருகும் என்று நம்பி, அதைப் பறிக்க முயன்று முயன்று, ரோஷிக்கு மூன்று ஆண்டுகள் பிடித்த காரியத்தைக் கோகூ மூன்று நாளில் சாதிக்கிறான். பருகிய பின்னரோ, அது வெறுந்தண்ணீர் என்றும், அதை அடைவதற்குச் செய்த முயற்சியே பலத்தைத் தந்தது என்றும் தெரியவருகிறது.

குறையும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. பெண்களைக் குறித்து ரோஷி பேசுவதும் நடந்துகொள்வதும், வேடிக்கை என்ற பெயரில் எழுதப்பட்டிருந்தாலும், இன்று பார்க்கையில் மனத்தை உறுத்துகின்றன. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் அவ்விடங்களில் அது தவறு என்று எடுத்துச் சொல்லுவது அவசியம்.

வானொலியில் பேசும்போது குரலைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கோகூவுக்குக் குரல் கொடுத்தவர் 1936-இல் பிறந்த மசாகோ நொசாவா என்னும் அம்மையார். ஐம்பது வயதை நெருங்கிய நிலையில் ஒரு சிறுவனின் கள்ளமற்ற சிரிப்பையும் பசியையும் வீரத்தையும் தம் குரலில் வார்த்த அவர், அச்சிறுவன் வளர்ந்து வாலிபனான பின்னும் அதே குரலைத் தொடர்ந்து அளித்தார். உருவம் மாறினாலும் உள்ளம் மாறவில்லை என்பதை அந்தக் குரல் ஒன்றே நமக்கு உணர்த்திவிடுகிறது.

அகிரா தொரியாமா 2024-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியன்று தமது 68-ஆம் வயதில் காலமானார். அவருடைய கதையில் சிறுவயதில் நாம் கொண்டாடியது வீரனை. பிள்ளைகளுக்கோ, மாணவர்களுக்கோ, தொழில் பழகவரும் இளைஞர்களுக்கோ கற்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் வயதில் நாம் கொண்டாட வேண்டியவர்கள் அவனை உருவாக்கிய ஆசான்கள். பொறுமையாக வேலை வாங்கி, கர்வம் தலையெடுக்காமல் காத்து, காலம் வந்தபோது மனநிறைவோடு விலகி நிற்கும் அந்தக் கல்வி முறையைக் கற்க விரும்பும் ஒவ்வொருவரும் இத்தொடரை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.