விழுந்த மதிலை எடுத்துக் கட்டுதல்

ஹம்பிக்குச் சென்று மீண்டவர்களை, அங்கே என்ன கண்டீர்கள் என்று வினவினால், விட்டலர் கோயிலின் கல்தேரைச் சொல்வார்கள். தாமரை மகாலைச் சொல்வார்கள். யானைக் கொட்டாரத்தின் குவிமாடங்களைச் சொல்வார்கள். மதிலைக் கண்டேன் என்று சொல்பவர் அரியர். ஆயினும் தாமரை மகால் நிற்கும் முற்றத்துக்குள் செல்பவர் யாவரும் ஓர் உயர்ந்த கல்மதிலைக் கடந்தே செல்கின்றனர். கண்ணுக்கு எதிரே நின்றும் கருத்தில் படாமல் போவது மதிலின் தலைவிதி போலும். இன்று அந்த மதிலைப் பற்றியும், அதைப் போன்ற பழைய கல்மதில்கள் சரிந்தால் அவற்றை எடுத்துக் கட்ட வேண்டிய முறையைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறேன்.

1336-ஆம் ஆண்டில் தோன்றி, 1565-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாழ்பட்ட விஜயநகரம், மதில்களால் ஆன நகரம். 1443-இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் அமைந்திருந்ததாக எழுதி வைத்தார். கோட்டை மதில்களேயன்றி, நகரின் உள்ளே ஒவ்வொரு முற்றத்தையும் தனித்தனியே சுற்றி வளைத்த மதில்களும் இருந்தன. தாமரை மகாலைச் சூழ்ந்த மதில் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் அருகே சென்று நோக்கினால் இரண்டு செய்திகள் புலனாகும். ஒன்று, அடியில் அகன்று, மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் அதன் வடிவம். மற்றொன்று, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து என்பதே இல்லாமை.

சாந்து இல்லாமல் அது நிற்பது எவ்வாறு? நாம் வெளியே காண்பது கல்லின் முகம் மட்டுமே. அந்த முகத்துக்குப் பின்னால் ஒவ்வொரு கல்லும் ஆப்பைப் போலக் குறுகிக்கொண்டே மதிலின் உள்ளே செல்கிறது. வெளிமுகங்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்துகின்றன. குறுகிய வால்களோ உள்ளே நிரப்பிய மண்ணையும் சில்லுக் கற்களையும் கவ்விக்கொள்கின்றன. ஆக, ஒரு மதில் என்று நாம் கருதுவது உண்மையில் மூன்று பகுதிகள்: இருபுறமும் இரண்டு கல்முகங்கள், நடுவில் ஒரு மண் வயிறு. கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளது. அந்த எடையே இங்கே சாந்தின் பணியைச் செய்கிறது. முகங்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேலே உள்ள கல் கீழே உள்ள கல்லை அழுத்தும்போதே அதை உள்ளேயும் தள்ளுகிறது. சாந்தில்லா மதில்களுக்கு ஆறடி உயரத்துக்கு ஓரடி உள்சாய்வு என்பது பல நாட்டுக் கொத்தர்களும் கைக்கொள்ளும் பரவலான அளவு.

இவ்வளவு உறுதியான மதில் ஏன் விழுகிறது? முதற் பகைவன் நீர். மதிலின் தலைப்பகுதியில் மூடுகல் பெயர்ந்துபோனால், மழைநீர் நேரே மண் வயிற்றினுள் இறங்கும். இடைவெளிகள் திறந்திருக்கும்வரை அந்த நீர் கசிந்து வெளியேறிவிடும். அவை அடைபட்டாலோ நீர் உள்ளேயே தேங்கும். 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ நாலரை டன் எடைக்கு நிகரான விசை வெளியே தள்ளும். முதலில் மதிலின் நடுப்பகுதி சற்றே புடைக்கிறது. பிறகு ஒரு மழைக்காலத்தில் சரிகிறது.

இரண்டாம் பகைவன் அரசும் ஆலும். பறவை எச்சத்தில் வந்து விழும் ஒரு சிறு விதை, இடுக்கில் வேரூன்றிக் கல்லையே நெம்பிவிடுகிறது. வெளியே தெரியும் தளிரை வெட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவது பேதைமை. வேர் உயிரோடிருந்தால் அடுத்த ஆண்டே அது இருமடங்கு கிளைத்தெழும். மூன்றாம் பகைவன் மனிதனே. புதையல் தேடித் தோண்டுபவனும், வீட்டுக் கடைக்காலுக்கென்று கல்லைப் பெயர்த்துச் செல்பவனும், குறுக்கு வழிக்காக மதிலை உடைப்பவனும் இவ்வினத்தைச் சேர்ந்தவர்கள்.

சரிந்த மதிலை எடுத்துக் கட்ட முனைபவர் முதலிற் செய்ய வேண்டியது, கல்லைத் தொடாமல் இருப்பதே. விழுந்த கற்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். அவை கிடக்கும் வரிசை ஒரு சாட்சியம். மதிலின் உச்சியில் இருந்தவை பொதுவாகத் தொலைவில் கிடக்கும். அடியில் இருந்தவை அருகே கிடக்கும். அவற்றை அளந்து வரைந்து, புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட வேண்டும். பழைய படங்கள் கிடைக்குமாயின் அவையும் துணை செய்யும். ஹம்பிக்கு அந்த நற்பேறு உண்டு. 1856-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரீன்லா என்னும் படை அதிகாரி அந்த இடிபாடுகளைப் புகைப்படம் எடுத்தார். 1983-இல் ஜான் கோலிங்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர், கிரீன்லா நின்ற இடங்களிலேயே நின்று மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், எந்தச் சுவர் நின்றது, எது வீழ்ந்தது என்பது தெளிவாகிறது. ஊகத்துக்கு இடமின்றிக் கட்டுவதற்கு இத்தகைய சான்றினும் சிறந்தது வேறில்லை.

அடுத்து, விழுந்ததன் காரணத்தைக் காண வேண்டும். நீர் எங்கிருந்து வந்தது? கடைக்கால் அமிழ்ந்ததா? வேர் எங்கே உள்ளது? காரணத்தை நீக்காமல் கட்டிய மதில், அதே காரணத்தால் அதே இடத்தில் மறுபடியும் விழும். காரணம் தெரிந்த பின்னரே, புடைத்த பகுதியின் இருபுறமும் முட்டுக் கொடுத்து, உறுதியான வரிசை வரும்வரை கற்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். வேரை அடியோடு அகற்ற வேண்டும். சேறாகிப்போன மண் நிரப்பை நீக்கி, நீர் வடியத்தக்க சில்லும் மண்ணும் கலந்து இட்டு, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும்.

பின்னர் கற்களை ஏற்றும் வேலை. எண்ணிட்ட கல் எண்ணிட்ட இடத்துக்கே செல்ல வேண்டும். கல்லின் முகத்தை அழகாகக் காட்டுவதற்காக அதன் வாலை வெட்டிக் குறைப்பது பெருங்குற்றம். வால் போனால் பிடிப்பும் போயிற்று. ஒரு கல்லின் மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேரே வரலாகாது. கல் ஆடுமாயின், பின்புறத்திலிருந்து சில்லுச் செருகி நிலைநிறுத்த வேண்டும். முன்புறத்திலிருந்து செருகிய சில்லு நாளடைவில் உதிர்ந்துவிடும். தூக்குக் குண்டும் நூலும் அளவு சொல்லும். ஆயினும் கல் அமர்ந்ததா என்பதைக் கண்ணைவிடச் செவியே முன்னதாக அறியும். நன்கு அமர்ந்த கல்லைத் தட்டினால் ஓர் ஓசை, அமராத கல்லைத் தட்டினால் வேறோர் ஓசை. இதை நூலில் படித்து அறிய இயலாது; கற்றச்சரின் அருகே நின்றுதான் அறிய வேண்டும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தக்காணத்து ஊர் ஒன்றில், ஒரு பழைய மாளிகையின் சுற்றுமதில் புடைத்திருப்பதாக என்னை அழைத்திருந்தார்கள். அதுவும் சாந்தில்லாமல் அடுக்கிய கருங்கல் மதில். முழுவதும் இறக்கிக் கட்ட வேண்டும் என்றார் வேலைக்கு வந்திருந்த முதிய கொத்தர். செலவும் நாளும் மிகும் என்று அஞ்சிய வீட்டார், மூட்டுகளைச் சிமெண்டால் அடைத்துவிடலாமா என்று கேட்டனர். நானும் இசைந்தேன். வேலை முடிந்தபோது மதில் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. முதியவர் மட்டும், "ஐயா, அது மூச்சு விட வழியில்லையே" என்றார். நான் சிரித்தேன். மூன்றாம் ஆண்டு மழையில், ஓரிரவில், இருபதடி நீளம் தெருவில் கிடந்தது. நல்ல வேளையாக அப்போது தெருவில் எவரும் இல்லை. கற்களைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே மண் களியாக இருந்தது. நீர் வெளியேறும் வாயில்களையெல்லாம் என் சொற்படியே அடைத்திருந்தார்கள். அந்த முதியவரைத் தேடிச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, மறுநாள் காலையில் வந்து முதற்கல்லை இறக்கினார்.

சிமெண்டு தீய பொருள் அன்று. அணைக்கும் பாலத்துக்கும் அது இன்றியமையாதது. ஆனால் 1824-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஒரு பொருளை, அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மதிலின் மீது பூசும்போது, இரு வேறு இயல்புகளை வலிந்து பிணைக்கிறோம். பழைய மதில் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், சற்றே அசைந்தும் கொடுக்கும். சிமெண்டு அசையாது, நீரை எளிதில் வெளியே விடாது, தன்னிலுள்ள உப்பையும் கல்லுக்குள் செலுத்தும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மதில்களுக்கும் இது பொருந்தும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. ஆயினும் கட்டுக்கல்லைவிட மென்மையாகவே இருக்கிறது. அந்த மென்மையே அதன் சிறப்பு. தேய்மானம் வருமாயின் சாந்து தேயும்; கல் தப்பும். தேய்ந்த சாந்தை மீண்டும் இடலாம். தேய்ந்த கல்லை மீண்டும் பெற முடியாது. டில்லியில் உமாயூன் கல்லறையைச் செப்பனிட்டு 2013-இல் முடித்தபோது, பிற்காலத்தில் அதன் கூரைமீது ஏற்றியிருந்த கான்கிரீட்டு மட்டும் ஏறத்தாழ பத்து இலட்சம் கிலோ அகற்றப்பட்டது. கட்டடத்தைக் காப்பதாக எண்ணி ஏற்றிய சுமையே அதற்குக் கேடாயிற்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இனி ஒரு கடினமான வினா. பாதி உயரம் மட்டுமே எஞ்சியுள்ள மதிலை முழு உயரத்துக்கு எழுப்பலாமா? எழுப்பினால் என்ன, அழகாக இருக்குமே என்பார் பலர். தொல்பொருள் துறையின் தலைவராக விளங்கிய சர் ஜான் மார்ஷல், 1923-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில், புதுப்பிப்பதைவிட உள்ளதைக் காப்பதே கடமை என்னும் நெறியை வற்புறுத்தினார். 1964-ஆம் ஆண்டு வெனிசு சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழமையோடு இயைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதென்று காண்போரை ஏமாற்றலாகாது என்று கூறிற்று. என் கருத்தும் இதுவே. விழுந்த கல் அங்கேயே கிடக்குமாயின் அதை மீண்டும் ஏற்றுக. நிலைநிற்பதற்கு இன்றியமையாத இடத்தில் மட்டும் புதுக்கல் வைக்க. வைத்ததை ஏட்டில் பதிவு செய்க. எஞ்சியதை அப்படியே விடுக. அறுபடாத உண்மை, முழுமையான பொய்யைவிட மேலானது.

இவ்வளவும் செய்வதற்குக் கைகள் வேண்டும். சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை, கிரேக்கம், இத்தாலி, பிரான்சு முதலிய எட்டு ஐரோப்பிய நாடுகள் முன்மொழிய, யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. நம் நாட்டிலும் அக்கலை வல்லார் இருக்கின்றனர். வயல் வரப்பிலும் கிணற்றுச் சுவரிலும் அவர்கள் கைவண்ணம் உண்டு. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் கான்கிரீட்டு வேலைக்குச் செல்கின்றனர். அதில் அவர்களைக் குறை கூற இயலாது. நாளொன்றுக்கு எத்தனை கன அடி கட்டினாய் என்று மட்டும் கணக்குக் கேட்டால், ஒரு கல்லை மூன்று முறை திருப்பிப் பார்த்து வைப்பவன் தோற்றுவிடுவான். அவனுடைய பொறுமைக்குக் கூலி கொடுக்க நாம் கற்றுக்கொள்ளாவிடில், மதில் எஞ்சியிருக்கும். அதை எடுத்துக் கட்டத் தெரிந்தவர் எஞ்சியிருக்கமாட்டார்.

நேயர்களுள் சிலர் இத்தகைய மதில்களின் அருகே வாழலாம். சிலர் அவற்றுக்கு உடைமையாளராகவும் இருக்கலாம். தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டதாயின், 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்குக் காவல். சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்புவதற்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். அங்கே நம் கை செல்லலாகாது. சரிவைக் கண்டால் துறையினருக்கு அறிவிப்பதே நம் கடமை. சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாத மதில்களோ எண்ணிறந்தன. அவற்றுக்கு நம்மையன்றி வேறு காவலர் இல்லை. ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன், மதிலை ஒரு சுற்று நடந்து பாருங்கள். முளைத்த செடியைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு அகற்றுங்கள். தலையில் பெயர்ந்த கல்லை எடுத்து வையுங்கள். அடியில் நீர் தேங்கினால் வழி வெட்டி விடுங்கள். இதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

அடுத்த முறை ஹம்பிக்குச் செல்வோர் தாமரை மகாலை நோக்கி விரையும் முன், மதிலருகே சற்று நின்று, அந்தக் கல்மூட்டுகளில் விரலை வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு துளிச் சாந்தும் இராது. பெயர் அறியாத ஒருவன், இந்தக் கல்லுக்கு இதுவே இடம் என்று தேர்ந்து வைத்துச் சென்ற முடிவு ஒன்றே இன்றும் அதைத் தாங்கி நிற்கிறது. அதை எடுத்துக் கட்டும் கை, அவனுடைய முடிவை மாற்றாதிருந்தால் போதும்.