பழைய சொகுசு கார் வாங்கலாமா? வாங்கும் முன் ஒரு கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டும் முடிந்த பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். எல்லோருக்கும் பசிக்கிற நேரம் என்று தெரியும். கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. "16 லட்சத்துக்குப் புது நடுத்தர செடான் வாங்குவதா, அல்லது அதே பணத்துக்கு எட்டு வருஷப் பழைய ஜெர்மன் கார் வாங்குவதா?" நாற்பது பதில்கள் வந்தன. பாதிப்பேர் "கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மன்" என்றார்கள். மீதிப்பேர் "கிட்டேயே போகாதீர்கள்" என்றார்கள். நான் முப்பது வருஷம் வாகனக் காப்பீட்டு சர்வேயராக இருந்தவன். அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, முங்கிய வண்டி என்று பார்த்தே காலம் போனது. அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. 50 லட்சத்துக்கு விற்ற கார் எட்டு வருஷத்தில் ஏன் 16 லட்சத்துக்கு வருகிறது? வண்டி கெட்டுப்போனதால் அல்ல. ஓட்டிப் பார்த்தால் இன்றைக்கும் கதவு மூடும் சத்தமே தனி. விலை இறங்குவதற்குக் காரணம், வாரண்டி முடிந்த பிறகு அதை வைத்துக் காப்பாற்ற என்ன செலவாகும் என்று சந்தைக்குத் தெரியும். கார் விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட் விலை மூன்றில் ஒன்றாகவில்லை. இந்த வகை வண்டிகளில் ஒரு எல்.இ.டி. ஹெட்லைட் மாற்ற ஒரு லட்சத்தைத் தாண்டும். டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாமே 50 லட்ச ரூபாய் காருக்கான விலையில்தான் வரும். நீங்கள் வாங்குவது 16 லட்ச ரூபாய்க் கார். பராமரிக்கப் போவது 50 லட்ச ரூபாய்க் கார். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

அடுத்து, "நம்பகமான வண்டி" என்றால் என்ன? இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. எத்தனை தடவை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் எவ்வளவு செலவு, எத்தனை நாள் நிற்கும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை எடுக்கும் ஆய்வுகளில் டொயோட்டாவும் லெக்ஸஸும் பல வருஷங்களாக முன்வரிசையில் இருக்கின்றன. அதனால் பழைய கேம்ரி ஹைபிரிட் நல்ல யோசனைதான், அதன் பெரிய பேட்டரியைச் சோதித்துப் பார்த்தால். ஆனால் அந்த ஆய்வெல்லாம் சராசரி. நீங்கள் வாங்கப்போவது சராசரியை அல்ல, ஒரே ஒரு வண்டியை. நேரத்துக்கு எண்ணெய் மாற்றிப் பார்த்துக்கொண்ட ஜெர்மன் கார், கவனிப்பாரற்றுக் கிடந்த ஜப்பான் காரைவிட மேல்.

வயதானால் எது போகும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் காற்றுப்பைகள் ரப்பரால் ஆனவை. நம் ஊர் வெயிலில் வெடிப்பு விடும். ராத்திரி நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் அறிகுறி. எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பில் பல பாகங்கள் பிளாஸ்டிக். சூட்டில் நொறுங்கும். டீசல் புகையை வடிகட்டும் ஃபில்டர், தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போய் வரும் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்கு அவ்வப்போது நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். சில மாடல்களுக்கென்றே தனிக் குறைகளும் உண்டு. பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் கியர் பாக்ஸ் பக்கம், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. செயின் தேய்ந்தால் அதை எட்டுவதற்கே எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்க வேண்டும். செயின் விலை கொஞ்சம், கூலி அதிகம். ஆகவே பிராண்டைப் பார்க்காதீர்கள். எந்த வருஷம், எந்த எஞ்சின் என்று கேளுங்கள்.

கியர் பாக்ஸ் எண்ணெய் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொல்வார். பல சொகுசு கார்களில் உள்ள எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

"டாக்டர் வண்டி, எட்டு வருஷத்தில் 25,000 கிலோமீட்டர்தான்" என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும், எண்ணெய் கெடும், பேட்டரி சாகும்.

இப்போது வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்வது?

காலையில் போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் கேட்கக்கூடிய ஏதோ ஒரு சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கலாம்.

அந்த பிராண்டுக்கு உரிய ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். எஞ்சின் மட்டுமல்ல, கியர் பாக்ஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன் என்று எல்லா யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு யூனிட்டுகளிலும் பதிவாகியிருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் விற்பவரிடம் கேளுங்கள்.

பேப்பரில், ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். டெல்லிப் பதிவெண் வண்டிகள் இங்கே மலிவாக வருகின்றன. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது அதற்கு ஒரு காரணம். என்.ஓ.சி., மறுபதிவு, தமிழ்நாட்டு சாலை வரி மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மலிவு எங்கே போனது என்று தெரியும்.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் சென்னையில் யாரும் மறக்கவில்லை. அப்போது முங்கிய வண்டிகள் எங்கே போயின? பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி., அதாவது காப்பீட்டு மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடிவாகும். வயதான சொகுசு காருக்கு ஐ.டி.வி. 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 லட்சத்துக்கு மேல் செலவானாலே எல்லை தாண்டிவிடும். இருக்கைக்கு அடியிலும் டிக்கியிலும் எலெக்ட்ரானிக் யூனிட் வைத்த வண்டிக்கு, இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் வந்தாலே அந்தத் தொகை வரும். அப்படி முழு இழப்பான வண்டிகளை ஏலத்தில் எடுத்து, கழுவி, காயவைத்து, வெளியூரில் விற்பவர்கள் உண்டு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும். டிக்கி தரைவிரிப்பைத் தூக்கினால் மண் இருக்கும். உள்ளே வாசனை திரவியம் தூக்கலாக மணந்தால், இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நாம் இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். நம் பார்க்கிங் பாதி பேஸ்மென்ட்டில் இருக்கிறது. எஞ்சின் பாதுகாப்பு கூடுதல் காப்பீடு இல்லாமல் அங்கே இப்படி ஒரு வண்டியை நிறுத்தாதீர்கள். சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். ஐந்து வருஷத்தைத் தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களுக்குக் குறைந்தது 40 சதவீதம் கழிப்பார்கள். தண்ணீரில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, எலி. நம் பி பிளாக்கில் போன வருஷம் மூன்று வண்டிகளில் வயரைக் கடித்தது. சின்ன காரில் சில ஆயிரத்தில் முடியும் வேலை, பெரிய காரில் முழு வயரிங் செட்டையே மாற்றச் சொல்லும் அளவுக்குப் போகலாம்.

இனி அந்த இன்னொரு காரணம்.

இவ்வளவும் தெரிந்த நான், 2019-ல் ஓய்வுப் பணத்தில் ஒரு ஏழு வருஷப் பழைய சொகுசு செடான் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முப்பது வருஷம் பிறர் வண்டியைத் தட்டிப் பார்த்தவனுக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். நன்றாகப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டு வருஷம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு ஒரு நாள் திண்டிவனம் தாண்டி, கியர் மாறாமல் நின்றுவிட்டது. கம்பெனி வொர்க்ஷாப்பில் 4 லட்சத்து 20 ஆயிரம் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வெளியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் 1 லட்சத்து 90 ஆயிரத்தில் செய்து கொடுத்தார். பாகம் வர ஐந்து வாரம் ஆனது.

நான் செய்த தப்பு வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. கையில் இருந்த பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டேன். ரிப்பேருக்கு என்று எதுவும் ஒதுக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தொகை. என் மனைவியின் மூட்டு மாற்று அறுவைக்காக வைத்திருந்தது.

"ஏங்க, முட்டி இன்னும் ஆறு மாசம் தாங்கும். முதல்ல வண்டியப் பாருங்க" என்றாள். ஆறு மாதம் எட்டு மாதமானது. அந்த எட்டு மாதமும் லிஃப்ட் நின்ற நாட்களில் அவள் மூன்று மாடி இறங்கி ஏறியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று இப்போது சொல்லிவிட்டேன். இப்போது அவள் நன்றாக நடக்கிறாள். இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கித்தான் வந்தேன்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. உங்கள் கையில் 16 லட்சம் இருந்தால், 12 லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். 4 லட்சத்தை வண்டியின் பெயரில் வங்கியில் போட்டு மறந்துவிடுங்கள். அந்த 4 லட்சம் இல்லாவிட்டால் இந்த வண்டி வேண்டாம். அந்தப் பணம் போனால் வீட்டில் வேறொரு காரியம் நிற்கும் என்றாலும் வேண்டாம். மூன்று வாரம் வண்டி வொர்க்ஷாப்பில் நின்றால் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் எதில் போவீர்கள் என்று யோசியுங்கள். அந்த மாடலைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை, வண்டி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நல்ல வண்டியில் நெடுஞ்சாலையில் போகும் சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் வண்டி இன்னும் ஏ பிளாக் பக்கம்தான் நிற்கிறது. இப்போது அதற்கென்று ஒரு டெபாசிட்டும் இருக்கிறது.

யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூப்பிடுங்கள். ஒரு காபி போதும். பானெட் சூடாக இருந்தால் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.