கல்லடியில் ஒரு தோணிப் பயணம்

பூரண சந்திரன் மட்டக்களப்பு வாவியின்மேல் எழும் இரவுகளிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையிற் செவி பொருத்திப் பாடும் மீனின் நாதத்தைக் கேட்க விழையும் நேயர்களே, அந்த அபூர்வ இன்பத்தினுள்ளேயே ஓர் அபாயமும் உறைந்திருக்கிறது. ஒருவருக்கு ஒலி கேட்டதென்றதும் மற்றையோர் யாவரும் (அடக்கமாட்டாத ஆவல்தான், யாரைக் குறை சொல்வது?) ஒரே விளிம்புக்குச் சாய்வார்கள், எழுந்து நிற்பவரின் பாரமோ தோணியின் சமநிலையைக் கணத்திற் குலைத்துவிடும். ஆகவே ஒருவர் செவிமடுக்கையில் மற்றவர் அமர்ந்தே இருப்பதும், உயிர்காப்பு அங்கியை ஆசனத்தடியில் வையாது கரையிலேயே அணிந்துகொள்வதும் அவசியம்.

இவ்வாறு கவிழ்வது வெறும் கற்பனை அச்சமன்று: 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்தமையால் மக்கள் நம்பியிருந்த மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலை சென்ற சிறுவரும் மாண்டனர். அது உல்லாசப் பயணமன்று, அன்றாடப் பிரயாணமே. தெரிந்த நீர், தெரிந்த வழி.

மார்கழி வாடைக்காலத்தில் மழைவெள்ளம் வாவியிற் சேர, நீரோட்டம் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். அந்நாட்களில் தோணிக்காரர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கவிழ்ந்துவிட்டாலோ, கரை அண்மையில் தோன்றினும் நீந்த முனையாமல், தோணியையே பற்றிக்கொள்ளுங்கள். மரத்தோணி நீர் நிரம்பினாலும் பெரும்பாலும் மிதக்கும், தேடி வருவோர்க்கும் மனிதத் தலையைவிட அதுவே முதலில் தென்படும்.