அடித்தளத்து நாதம்

மாளிகையைக் கண்டு வியப்போர் அதன் மாடங்களையும் சாளரங்களையும் பாராட்டுவர். அத்திவாரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஜாஸ் என்னும் அமெரிக்க இசையிற் பாஸ் வாத்தியக்காரரின் நிலையும் இத்தகையதே. ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கும் அப்பெரிய தந்தி வாத்தியத்தை அணைத்து நின்று அவர் விரல்களால் மீட்டுகிறார். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் கேட்போர் நெஞ்சைக் கவர்ந்துவிடுவதால், கீழ்ஸ்தாயியில் எழும் அவருடைய நாதம் பலருடைய செவியில் தனியாகப் படுவதுமில்லை. எனினும் அந்த நாதம் ஒரு கணம் நின்றுவிட்டால், இசை முழுவதும் நிலந்தொடாது தடுமாறுவதை எவரும் உணர்வர்.

பாஸ் வாத்தியத்துக்குரிய கடமைகள் இரண்டு. மேளக்காரருடன் சேர்ந்து காலப்பிரமாணத்தைக் காப்பது ஒன்று. பாடலின் சுரக்கூட்டுகள் மாறிச் செல்லும்போது ஒவ்வொன்றுக்கும் உரிய அடிச்சுரத்தைக் காட்டுவது மற்றொன்று. வழக்கமான ஜாஸ் இசையில் இச்சுரக்கூட்டுகளின் வரிசை முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். தனியாக வாசிப்பவர் எவ்வளவு தூரம் கற்பனை செய்தாலும், அவ்வரிசை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஆகவே, வழி தெரிந்த பயணமே அது.

வழி தெரியாத பயணத்துக்குத் துணை போனவர் சார்ளி ஹேடன். 1937ஆம் ஆண்டில் ஐயோவா மாநிலத்து ஷெனன்டோவா என்னும் ஊரிற் பிறந்த இவர், வானொலியிலே வளர்ந்த பிள்ளை என்று கூறலாம். இவருடைய குடும்பத்தார் நாட்டுப்புறப் பாடல்களை வானொலியிற் பாடிவந்தனர். இரண்டு வயது நிறையுமுன்னரே ஹேடனும் அவர்களுடன் பாடத் தொடங்கினார். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் பாடும்போது தமது குரல் எங்கே பொருந்தும் என்று செவிகொடுத்து அறியும் பழக்கம் அவருக்கு அவ்வயதிலேயே வாய்த்தது. 15 வயதில் இளம்பிள்ளைவாத நோய் அவருடைய தொண்டையைத் தாக்கியது. பாடுங்குரல் போயிற்று. பாடகனாக வேண்டிய சிறுவன் பாஸ் வாத்தியத்தைத் துணைகொண்டான். தன் குரலை இழந்தவன், பிறர் குரல் தங்கி நிற்கத்தக்க நிலத்தை அமைக்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தான்.

1957இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்ற ஹேடன், அங்கே ஓர்னெற் கோல்மன் என்னும் சாக்ஸபோன் கலைஞரைச் சந்தித்தார். கோல்மனின் முறை புதுமையானது. ஒரு மெட்டை முதலில் வாசிப்பர். இறுதியில் மீண்டும் வாசிப்பர். இடையில் வரும் கற்பனைக்குத் தீர்மானித்த சுரக்கூட்டு வரிசை கிடையாது. சுரக்கூட்டுகளை ஒலித்து வழிகாட்டும் பியானோவும் அக்குழுவில் இல்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரியிற் பாடகரின் ஆலாபனையை வயலின் வித்துவான் பின்தொடர்வதை நேயர்கள் கேட்டிருப்பர். அங்கே இன்ன இராகம் என்பதாவது இருவருக்கும் தெரியும். கோல்மன் குழுவிலோ அந்த வரம்பும் நெகிழ்ந்துவிட்டது. வாசிப்பவர் எண்ணிய இடத்திற் சுருதியை மாற்றுவார். ஒரு வாக்கியத்தை நினைத்தபடி நீட்டுவார்.

இத்தகைய வேளையில் விரல் வேகம் மட்டும் என்ன செய்யும்? ஹேடன் செவியை நம்பினார். கோல்மன் ஒரு சுரத்திற் சற்றே சாய்ந்தால், அதற்கு இசைவான அடிச்சுரத்தை அக்கணமே கீழே வைத்தார். கற்பனை வெகுதூரம் ஓடியபோது ஒரே சுரத்தைப் பற்றிக்கொண்டு, திரும்பி வருதற்கு ஓரிடத்தைக் காத்தார். சிலவேளைகளில் தாமே ஒரு புதிய அடிச்சுரத்தைத் தொட்டுத் தலைவரையும் வேறு திசைக்கு அழைத்தார். இவ்வாறு பின்தொடர்வதும் முன்செல்வதும் ஒன்றாகிவிடுவதே கூட்டு மனோதர்மத்தின் உயிர்.

1959 மே மாதத்திற் பதிவான 'லோன்லி வுமன்' என்னும் உருப்படி இதற்கு நல்ல சான்று. மேளக்காரர் பில்லி ஹிக்கின்ஸ் விரைந்த தாளத்தை மெல்லென ஒலிக்கிறார். அதன்மேற் கோல்மனும் ட்ரம்பெட் கலைஞர் டொன் செரியும் ஒப்பாரி போன்ற மெட்டைத் தாளத்துக்குக் கட்டுப்படாமல் மெதுவாக இசைக்கின்றனர். விரைவுக்கும் தாமதத்துக்கும் நடுவே நிற்பவர் ஹேடன். இரு தந்திகளை ஒருங்கே மீட்டி, கனத்த நாதத்தால் இரண்டையும் பிணைத்துவிடுகிறார். அந்நாதம் இல்லையெனில் அவ்விரண்டும் வெவ்வேறு திசைகளிற் பிரிந்துபோயிருக்கும்.

அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க்கின் 'பைவ் ஸ்பொட்' விடுதியில் இக்குழு வாசித்தபோது, இது விடுதலை என்றனர் சிலர். குழப்பம் என்றனர் வேறு சிலர். 1960 டிசம்பரில் இரு நால்வர் குழுக்களை ஒருங்குசேர்த்து ஏறக்குறைய 37 நிமிடங்கள் இடைவிடாது கோல்மன் பதிவு செய்த 'பிரீ ஜாஸ்' இசைத்தட்டில், ஹேடனுடன் ஸ்கொட் லபாரோ என்னும் இளைஞரும் பாஸ் வாசித்தார். லபாரோ மேற்ஸ்தாயியில் மின்னலென ஓடும் விரல்களை உடையவர். மறு ஆண்டிலேயே 25 வயதில் வீதி விபத்தில் மாண்டார். இருவரும் சேர்ந்து வாசிக்கும் பகுதியில் ஹேடன் போட்டிக்குச் செல்லவில்லை. கீழேயே நின்று, ஆழ்ந்த சுரங்களால் அவ்வேகத்துக்கு இடமளித்தார். தன் பலம் எது என்பதை அறிந்தவருக்கே இந்த அடக்கம் கைகூடும்.

நுட்பத்தில் அவரை விஞ்சியவர் பலர் இருந்தனர். ஆனால் ஒரு சுரத்தை எந்த நொடியில் வைப்பது, எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எப்பொழுது வாளாவிருப்பது என்ற லய உணர்ச்சியில் அவருக்கு நிகரானோர் அரியர். உருக்குத் தந்திகள் வழக்கிற்கு வந்த பின்னரும், உயர்ந்த தந்திகளுக்கு விலங்கின் குடலாற் செய்த நரம்பையே அவர் விரும்பினார். மரத்தின் நாதம் அதனாற் கனிந்து ஒலித்தது. 'ராம்பிளின்' என்ற உருப்படியில், தனியாக வாசிக்கக் கிடைத்த நேரத்தில், குழந்தைப் பருவத்து நாட்டுப்புற மெட்டுக்களையே அவர் புகுத்தினார். புரட்சி இசையின் நடுவே பழைய வீட்டுப் பாடல் ஒலித்தது.

1982இற் கலிபோர்னியா கலை நிறுவனத்தில் ஜாஸ் கல்விப் பிரிவைத் தொடங்கி, இளைஞர்களுக்குக் கற்பித்தார். இளமையில் வந்த நோயின் பின்விளைவுகள் முதுமையில் மீண்டும் அவரை வருத்தின. 2014 ஜூலையில், 76ஆம் வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காலமானார்.

பலர் கூடிச் செய்யும் எக்காரியத்திலும் முன்னின்று பேசுவோர் மிகுதி. மற்றவர் சொல்ல வருவதை முழுதும் கேட்டு, அதற்கேற்ற ஒரு சொல்லை உரிய வேளையிற் சொல்வோர் சிலர். காரியம் நிலைபெறுவது அச்சிலராலேயே. இனி ஜாஸ் இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைக்கும்போது, நேயர்கள் மேலே ஒலிக்கும் வாத்தியங்களைச் சற்றே விடுத்து, கீழே நடந்து செல்லும் நாதத்திற்குச் செவிகொடுத்துப் பார்க்கலாம். இசைக்குழு ஒருவரையொருவர் கேட்கிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.