தலைமடை வரை நடந்து



தேக்கடியில் தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி விளைகிறது. கடைமடை வயலில் தண்ணீர் குறைந்தால் விவசாயி வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். உடைப்பு எங்கே, அடைப்பு எங்கே என்று பார்த்து, மடையைத் திறப்பவரிடம் போய்ச் சொல்வார்.

கட்டற்ற மென்பொருளிலும் இப்படி ஒரு மேலும் கீழும் உண்டு. நிரல் முதலில் எழுதப்படும் இடத்துக்கு ஆங்கிலத்தில் அப்ஸ்ட்ரீம் என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் அதைத் தலைமடை என்றாலே போதும், விளங்கிவிடும்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அதில் இருந்தது. பாஸை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். அதற்கு அடித்தளம் டெபியன். டெபியனோ ஆயிரக்கணக்கான தனித்தனித் திட்டங்களின் நிரல்களைத் திரட்டித் தருவது. ஆக, மாணவரின் திரையில் ஒரு வழு தெரிந்தால், அது பிறந்த இடம் மூன்று மடை தள்ளிக்கூட இருக்கலாம்.

அப்படி ஒரு வழுவுக்குக் கோம்பை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கோ' என்ற எழுத்தைக் கணினி 'க', அடுத்து ஓகாரக் குறி என்று வரிசையாகச் சேமிக்கிறது. படிப்பவர் கண்ணுக்கோ முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் 'க', பின்னால் துணைக்கால். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். 'பை'யில் பின்னால் சேமித்த இணைக்கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் கொம்பு அநாதையாக நிற்கும். பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் முளைக்கும். தமிழைக் கணினியில் நெடுநாள் படித்தவர்களுக்கு அந்த வட்டம் பழகிய முகம்.

இப்படி எழுத்தைக் கோக்கும் வேலையை இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் எல்லாவற்றிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுதி. பாரசீக மொழியில் அந்தப் பெயருக்குத் 'திறந்த எழுத்து' என்று பொருள். அதை ஆண்டுக்கணக்கில் வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். உலகின் எத்தனையோ எழுத்துகளைக் கோக்கும் நிரல் அது. அதில் வேலை செய்கிறவர் அத்தனையையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க முடியாது. 'கோம்பை' சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர் கோம்பையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அந்தப் பிள்ளை சொல்லாமல் விட்டால் மேலே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

சொல்லாமல், தன் வயலில் மட்டும் சரிசெய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இத்தனைக்கும், கண்ட திருத்தங்களை மூல ஆசிரியர்களுக்குத் தெரிவிப்போம் என்று 1997இலேயே எழுதி வாக்குக் கொடுத்தது டெபியன். அதே டெபியனில் 2006இல், ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் சில வரிகள் நீக்கப்பட்டன. தலைமடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டது. திருத்தம் முறையாக அங்கே போய்ச் சேரவில்லை. 2008 மே மாதம்தான் விபரீதம் தெரிந்தது. எண்ணி முடியாத அளவில் உருவாக வேண்டிய அந்தச் சாவிகள், ஒவ்வொரு சாவி வகையிலும் வெறும் 32,768க்குள் அடங்கிப்போயிருந்தன. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவுக்கும் அதே கதி.

மேலே நடந்தவரும் இருக்கிறார். 2024 மார்ச்சில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். அரை நொடிதானே என்று அவர் விடவில்லை. டெபியனின் பொதியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். தோண்டியபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் தலைமடையிலேயே யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பது அகப்பட்டது. 29ஆம் தேதி உலகறியச் சொன்னார்.

எழுத்து உடைந்தால் செய்ய வேண்டியது அவ்வளவு கடினமில்லை. முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாம். சரியானால் பழுது பெரும்பாலும் எழுத்துருவில். வேறொரு செயலியில் திறந்து பார்க்கலாம். அங்கே ஒழுங்காக இருந்தால் முதல் செயலியைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் உடைந்தால் இன்னும் மேலே போக வேண்டும். முழுப் பக்கத்தையும் அனுப்பாமல், உடைந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, படமாகவும் தட்டெழுதிய எழுத்தாகவும் தர வேண்டும். என்ன பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, எப்படி வந்திருக்க வேண்டும் என்பதை நாலு வரியில் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். 'தமிழ் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எவராலும் எதுவும் செய்ய இயலாது.

நல்ல திட்டங்களில், அப்படி வந்த சொல்லைச் சரிசெய்ததோடு விடமாட்டார்கள். சோதனைக் கோப்பில் ஏற்றிவிடுவார்கள். 'கோம்பை' அதில் ஏறிவிட்டால், அடுத்தடுத்த பதிப்புகள் அந்த ஊர்ப்பெயரைப் பிசகில்லாமல் எழுதிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரும்.