மூதவையில் நியமன நாற்காலி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அவை என்பது தமிழுக்குப் பழைய சொல். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அதற்கென்றே அமைந்துள்ளன. சிலப்பதிகாரம் ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் குறிப்பிடுகின்றது. அவைக்குள் வந்துவிட்டவன் எவ்வாறு பேசவேண்டும் என்பதே வள்ளுவர் எடுத்துக்கொண்ட வினா. அவனை அங்கே அமர்த்தியவர் யார், அமர்த்தியவருக்கு அவன் நாக்கு எவ்வளவு கடன்பட்டது என்பது மற்றொரு வினா. இவ்வினாவை இலங்கையின் அரசியல் வரலாறு ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் விடாமல் எழுப்பியது. அவ்வரலாற்றின் கடைசிப் பகுதியே மூதவை எனத் தமிழில் வழங்கிய செனற் சபையின் கதை.

கதையின் தொடக்கம் 1833. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் அமைந்த சட்டநிரூபண சபையில், உத்தியோகப்பற்றற்றோர் இடங்கள் ஆறு. ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. எல்லாம் தேசாதிபதியின் நியமனமே. தமிழருக்கென்று இருந்த அந்த ஒற்றை நாற்காலியில் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் அமர்ந்தார். பின்னர் அவர் மைந்தர் முத்துக்குமாரசுவாமி அமர்ந்தார். 1879இல் அவர் மறைந்தபின் அவருடைய மருகர் பொன்னம்பலம் இராமநாதன் அமர்ந்தார். ஒரு சமூகத்தின் குரல் பல்லாண்டுக் காலம் ஒரு குடும்பத்தின் குரலாகவே ஒலித்தது. நியமன முறையின் குறை இதனினும் வெளிப்படையாகத் தெரிய வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்நாற்காலியில் இருந்தவர்களின் தகுதியை எவரும் குறைத்துரைக்க இயலாது. அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர் முத்துக்குமாரசுவாமி. பௌத்த நூலாகிய சுத்தநிபாதத்தை 1874இல் மொழிபெயர்த்தவரும் அவரே. கலைத்திறனாய்வாளர் ஆனந்த குமாரசுவாமி அவர் புதல்வர். இராமநாதனோ 1911ஆம் ஆண்டுத் தேர்தலில், படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை வாக்குகளாலேயே வென்று, நியமனமின்றியும் அவை புக வல்லவர் தாம் என்பதைக் காட்டினார். ஆளின் தகுதி வேறு, முறையின் தகுதி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நியமனத்தைப் புகழ்வதும் இகழ்வதும் பிழையாகும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. சட்டநிரூபண சபை மறைந்து, ஒரே மன்றமாக அரசாங்க சபை தோன்றியது. மேலவை என்ற எண்ணம் மீண்டும் சோல்பரி ஆணைக்குழுவோடு வந்தது. 1946இல் இலண்டனில் பிறப்பிக்கப்பட்ட அந்த அரசியலமைப்பின் வழி, 1947 நவம்பரில் செனற் சபை முதன்முறையாகக் கூடியது. கொழும்புக் கோட்டையில் பழைய சட்டநிரூபண சபைக்குரிய கட்டடமே அதற்கு இருப்பிடமாயிற்று. நியமனம் பழைய வீட்டிற்கே திரும்பி வந்தது எனலாம்.

மூதவையின் உறுப்பினர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது; பதினைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். அமைச்சரவையில் குறைந்தது இருவர் மூதவையினராக இருத்தல்வேண்டும். அவருள் ஒருவர் நீதியமைச்சராதல் வேண்டும். நியமனம் பெறுவோர் பொதுச்சேவையில் சிறந்தோராகவோ, கல்வி, சட்டம், மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், வங்கித்தொழில் முதலிய துறைகளில் மேம்பட்டோராகவோ இருக்க முயலவேண்டும் என்று அரசியலமைப்பு கூறியது. இலக்கியம் என்ற சொல் அப்பட்டியலில் தனியே இல்லை என்பதைக் கவிஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வவை அவசரச் சட்டங்களைத் தாமதப்படுத்தும், சிறுபான்மையினருக்குக் காப்பாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நடந்தது வேறு. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை மூதவை தடுக்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சிங்கள மட்டும் சட்டத்தையும் தடுக்கவில்லை. நிதி மசோதாவை ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்திவைக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஏனைய மசோதாக்களையும் காலம் கடத்தலாமேயன்றி வீழ்த்த இயலாது. வழக்கறிஞர் எஸ். நடேசன் போன்ற சுயேச்சை உறுப்பினர் அங்கே நெடுங்காலம் வாதாடினர். அவ்வாதங்கள் ஏட்டில் பதிந்தன, வாக்கெடுப்பை மாற்றவில்லை.

எனினும் நியமன நாற்காலி இரண்டு முறை நாட்டின் வரலாற்றைத் திருப்பியது.

முதலாவது, 1960. கணவர் 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்தபின், சிறிமாவோ பண்டாரநாயக்க கட்சித் தலைமையை ஏற்றார். 1960 ஜூலைத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. கட்சி வென்றது. ஜூலை 21இல் அவர் பிரதமரானார்; மூதவைக்கு நியமனம் பெற்று அப்பதவியைத் தொடர்ந்தார். உலகின் முதற் பெண் பிரதமர் பாராளுமன்றத்தில் அமர்ந்தது, வாக்காளர் தந்த இருக்கையில் அன்று; நியமன இருக்கையில். பெண்ணுக்குக் கதவு திறந்தது என்று மகிழ்வோர் இதனையும் நினைத்தல்வேண்டும். வாசல் எவ்வளவு குறுகியதாயினும், உள்ளே வந்தவர் நடத்திய ஆட்சியைக் கொண்டே வரலாறு அவரை எடைபோடுகின்றது.

இரண்டாவது, தமிழருக்கு நெருக்கமானது. 1965இல் டட்லி சேனநாயக்க அமைத்த தேசிய அரசில் தமிழரசுக் கட்சி சேர்ந்தது. ஆயினும் அக்கட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் அமைச்சராகவில்லை. முன்னர் சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றிய மு. திருச்செல்வம் மூதவைக்கு நியமனம் பெற்று உள்ளூராட்சி அமைச்சரானார். கட்சி நேரே ஏற்கத் தயங்கிய பதவியை நியமன நாற்காலி தாங்கிக்கொண்டது. அமைச்சரவைக்குள்ளே தமிழரசுக் கட்சியின் குரல் அவர் ஒருவர் குரலே.

அக்குரலின் சோதனை 1968இல் வந்தது. திருஞானசம்பந்தர் பாடிய தலமாகிய திருக்கோணேசுவரம் திருக்கோணமலையில் பிரட்றிக் கோட்டை எல்லைக்குள் அமைந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தனர், கோட்டையும் எழுப்பினர். இக்கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவர் பிரதமருக்கு மறுப்பு எழுதினார். குழுவைக் கலைக்குமாறு பிரதமர் பணித்தார். அதே ஆண்டில் மாவட்ட சபைத் திட்டமும் கைவிடப்பட்டிருந்தது. திருச்செல்வம் செப்டெம்பரில் அமைச்சுப் பதவியைத் துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசை விட்டு விலகியது.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். அவரிடம் தொகுதி இல்லை, வாக்காளர் இல்லை, அமைச்சும் அவை இருக்கையும் பிரதமரின் ஆலோசனையால் வந்தவை. பதவியைக் காத்துக்கொள்ள அவர் செய்யவேண்டியிருந்தது மிகச் சிறியது: ஒரு குழு கலைக்கப்படுவதை ஏற்றுக்கொள்வது. அதனை அவர் செய்யவில்லை. அமர்த்தியவருக்கு நாக்கு எவ்வளவு கடன்பட்டது என்ற வினாவுக்கு அவர் நடத்தையாலே விடை கூறினார். ஆனால் அவ்விடையால் கோயிற் சூழல் புனிதப் பிரதேசமாகவில்லை என்பதும் உண்மை. நியமன உறுப்பினருக்கு எஞ்சிய பேராயுதம் எழுந்து வெளியேறுவது ஒன்றே. ஒருமுறை எடுத்தபின் அவ்வாயுதமும் தீர்ந்துவிடுகின்றது. நாற்காலியை விட்டு எழுந்தவரின் மானம் நிலைத்தது. அவர் பேசவந்த மக்களுக்கு அமைச்சரவையிலிருந்த இடம் இல்லாமற் போயிற்று. அம்முறையின் மேன்மையும் வறுமையும் இந்த ஓராண்டு நிகழ்வில் ஒருங்கே தெரிகின்றன.

1971 அக்டோபர் 2ஆம் நாள் மூதவை நீக்கப்பட்டது. நீக்கியது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் இரண்டாவது அரசு. அந்த அவையின் நியமன நாற்காலியிலிருந்து முதன்முறை நாட்டை ஆண்டவரே அதன் கதவை மூடினார். அடுத்த ஆண்டு சோல்பரி அரசியலமைப்பும், சிறுபான்மையினருக்கு அது எழுத்தளவிலேனும் தந்திருந்த இருபத்தொன்பதாம் பிரிவும் மறைந்தன. கோட்டைக் கட்டடத்தில் வெளிநாட்டமைச்சு இடம்பெற்றது.

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. எழுத்தாளரையும் நாடி விருதுகள், குழுக்கள், வாரிய உறுப்புரிமைகள் வருகின்றன. அவையெல்லாம் நியமன நாற்காலிகளே. அமர்வது இழிவன்று, முத்துக்குமாரசுவாமியும் திருச்செல்வமும் அமர்ந்தவர்களே. எந்தக் கடிதத்தில் கையொப்பமிட இயலாது என்பதை அமருமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவையறிதல் என்று வள்ளுவர் கூறியதில் இதுவும் அடங்கும் என்று கொள்வதில் பிழையில்லை.